சிறு விமானத்தின் மின்சாரக் கோளாறுகள்

வானத்தில் பறந்துகொண்டிருக்கும் ஒரு சிறு விமானத்தில் மின்சாரம் அறவே நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால், எஞ்சினும் அக்கணமே நின்று விமானம் கீழே விழுந்திருக்கும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைப்போம்; உண்மை அப்படியன்று. 1903ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ரைட் சகோதரர்கள் கிட்டிஹாக் அருகிலுள்ள மணல்வெளியில் பறக்கவிட்ட விமானத்தில் பாட்டரி என்பதே கிடையாது. எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் உலர் மின்கலங்கள் அடங்கிய ஒரு பெட்டியைத் தரையில் வைத்து இணைத்தார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தப் பெட்டியை அப்புறப்படுத்திவிட்டார்கள். அதன்பின் சிலிண்டர்களுக்குள் எரிபொருளைக் கொளுத்தும் பொறியைத் தந்தது, எஞ்சினாலேயே சுழற்றப்பட்ட மாக்னெட்டோ என்னும் கருவியாகும். அந்த ஏற்பாடு இன்றளவும் சிறு விமானங்களை விட்டுப் போகவில்லை. பிஸ்டன் எஞ்சின் பொருத்திய விமானங்களில் மிகப் பலவற்றில் இரண்டு மாக்னெட்டோக்களும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் இருக்கின்றன. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும். காந்தம் சுழல அதன் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டறிந்த தத்துவமே அங்கே வேலை செய்கிறது; பாட்டரியின் தயவு அதற்குச் சிறிதும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் லாக் ஹேவன் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட பைப்பர் கப் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார அமைப்பே இல்லாதிருந்தது; ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு விமானிகள் நிம்மதியாகப் பறந்தார்கள்.

ஆயினும் ரேடியோவும், இரவில் ஒளிவிட வேண்டிய விளக்குகளும், மேகத்துக்குள் வழி காட்டும் கருவிகளும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் மின்சாரத்தையே நம்பியிருப்பவை. பகல் வெளிச்சத்தில் வெறும் அசௌகரியமாக முடியும் ஒரு கோளாறு, இரவு நேரத்திலும் மேகத்தின் நடுவிலும் பிராணாபத்தாக மாறிவிடக்கூடும். ஆகையால் அத்தகைய கோளாறுகளைத் தரையிலேயே கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதை இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம். நான் முக்கியமாக வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான்: கோளாறு தலைகாட்டும் இடம் வேறு, அதன் காரணம் குடியிருக்கும் இடம் வேறு, இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, வேலை செய்யாத கருவியைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுகிறவர், பணத்தைச் செலவழிக்கிறாரே தவிரப் பழுது பார்க்கிறார் என்று சொல்ல முடியாது.

உதாரணத்துக்குச் செஸ்னா 172 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரைச் சேர்ந்த செஸ்னா நிறுவனத்தார் 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த நான்கு இருக்கை விமானம், உலகத்தில் வேறெந்த விமானத்தையும்விட அதிகமான எண்ணிக்கையில், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டு, உற்பத்தியாகியிருக்கிறது. ஆகவே அதன் அமைப்பை அறிந்துகொண்டால் மற்றவற்றை அறிவதும் சுலபம். அதன் பழைய மாதிரிகளில் 12 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கும். 1978ஆம் வருஷத்து மாதிரியிலிருந்து அது 24 வோல்ட்டாயிற்று. நாம் பழையதையே பார்ப்போம். 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமில மின்கலங்கள் ஆறினை வரிசையாக இணைத்தால் கிடைப்பது இந்தப் பாட்டரி. நன்றாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட் வழியாகச் சுழலும் ஆல்டர்னேட்டர், ஏறக்குறைய 14 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தை உண்டாக்கி, விமானத்தின் தேவைகளையும் கவனித்துக்கொண்டு பாட்டரியையும் நிரப்புகிறது. எனவே எஞ்சின் ஓடும்போது வோல்ட்மீட்டர் 14 காட்டினால் ஆல்டர்னேட்டர் உழைக்கிறது என்றும், 12.5க்கும் கீழே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் பாட்டரி தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம். வேறெந்தச் சோதனையும் செய்வதற்கு முன்னால் இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் நேரே கருவிகளுக்குப் போய்விடுவதில்லை. விமானி மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டதும், பாட்டரியின் அருகிலுள்ள கான்டாக்டர் என்னும் மின்காந்த ஸ்விட்ச் மூடிக்கொள்கிறது. அதன் வழியாக மின்சாரம் பஸ் பார் எனப்படும் உலோகப் பட்டையை அடைந்து, அங்கிருந்து தனித்தனிச் சர்க்யூட் பிரேக்கர்கள் மூலம் கிளை கிளையாகப் பிரிந்து செல்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தக் கான்டாக்டர் மூடுவதற்கு வேண்டிய மின்சாரம் அதே பாட்டரியிலிருந்துதான் வரவேண்டும். பாட்டரி அடியோடு காலியாகிவிட்ட விமானத்தில், ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டாலும், கான்டாக்டர் மூடாது. கான்டாக்டர் மூடாதவரையில் ஆல்டர்னேட்டருக்கும் பாட்டரிக்கும் தொடர்பு ஏற்படாது. மேலும் ஆல்டர்னேட்டரின் காந்தப் புலத்தை எழுப்புவதற்கே முதலில் கொஞ்சம் மின்சாரம் வெளியிலிருந்து வேண்டும். இதை அறியாதவர், எஞ்சின்தான் ஓடுகிறதே, பாட்டரி தானே நிரம்பிவிடும் என்று நம்பிப் பறக்கப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் ரேடியோ ஊமையாகவே இருப்பதைக் கண்டு, பழியை ஆல்டர்னேட்டர்மீது சுமத்துவார்.

மின்சாரம் போவதற்குக் கம்பி இருக்கிறது. திரும்பி வருவதற்கோ தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. விமானத்தின் அலுமினிய உடலே திரும்பும் வழி. ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு குட்டைக் கம்பி உடலில் எங்கேனும் ஓரிடத்தில் திருகப்பட்டிருக்கும். இதைத்தான் எர்த் என்கிறோம். எடை மிச்சம் என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் திருகின் அடியில் பெயின்ட் படிந்திருந்தாலும், ஈரத்தால் உலோகம் அரித்துப் போயிருந்தாலும், மின்சாரம் போகும் வழி எவ்வளவு செம்மையாயிருந்தும் பயனில்லை. கம்பியைப் பார்க்கிறவர்கள் பலர். எர்த்தைப் பார்க்கிறவர்கள் சிலர். பழுது பார்ப்பதில் அனுபவசாலி யார் என்பதை அறிய எனக்குத் தெரிந்த சுலபமான பரீட்சை, அவர் முதலில் எந்தப் பக்கத்தைச் சோதிக்கிறார் என்று கவனிப்பதுதான்.

மலையின்மேல் புகையைக் கண்டு அங்கே தீ இருப்பதை அனுமானிப்பது, நம் தர்க்க சாஸ்திரிகள் நெடுங்காலமாக எடுத்தாண்டு வந்த உதாரணம். ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்றும் இருப்பதை அன்வயம் என்றும், ஒன்று இல்லாதவிடத்தில் மற்றொன்றும் இல்லாமற்போவதை வியதிரேகம் என்றும் அவர்கள் வகுத்தார்கள். மின்சாரப் பழுது பார்ப்பவருக்கு இவ்விரண்டையும்விடச் சிறந்த கருவி எந்தக் கடையிலும் விற்பதில்லை. விமானியின் காதுக்கருவியில் ஓயாமல் ஒரு கீச்சொலி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் வேகத்தைக் கூட்டினால் ஒலியின் ஸ்தாயியும் உயர்கிறது. ஆகவே சுழலும் ஏதோ ஒன்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. இது அன்வயம். ஆல்டர்னேட்டரின் ஸ்விட்சை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறோம், ஒலி அற்றுப்போகிறது. இது வியதிரேகம். ஒலிக்கு மூலம் ஆல்டர்னேட்டர்தான் என்பது இப்போது நிச்சயமாயிற்று. அவ்வாறின்றி ஒலி நிற்காமல் படபடவென்று வெடிப்பதுபோல் கேட்டு, தரையில் மாக்னெட்டோக்களில் ஒன்றை நிறுத்தியதும் மாறினால், அந்த மாக்னெட்டோவின் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஒலிக்கு மூலம் ஆல்டர்னேட்டர் என்பது நிச்சயம். ஆனால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்பது இன்னும் நிச்சயமாகவில்லை. மூன்று கட்டங்களாகப் பிறக்கும் மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்துவதற்காக அதனுள் ஆறு டயோடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டால் மின்னழுத்தத்தில் அலைபோன்ற ஏற்றத்தாழ்வு மிகுந்து கீச்சொலி எழும் என்பது உண்மையே. ஆயினும் ஆரோக்கியமான ஆல்டர்னேட்டரின் சிறு அலைகூட, ரேடியோவின் எர்த் சரியில்லாத விமானத்தில், காதைத் துளைக்கும் ஒலியாகக் கேட்கலாம். வியதிரேகம் தொடர்பை நிரூபிக்கும்; குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்காது. அதற்கு அளவை வேண்டும்.

அளவை என்றதும் மல்டிமீட்டரை எடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே தடை எத்தனை ஓம் என்று பார்ப்பதே பலருடைய வழக்கம். கம்பி முழுவதும் அறுந்துபோயிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். அறுபடாமல், பாதி அரித்தும் பாதி தளர்ந்தும் இருக்கும் இணைப்புகளைப் பொறுத்தமட்டில் இது நம்மை ஏமாற்றிவிடும். காரணத்தைச் சிறிது விரிவாகவே பார்க்கலாம். ஏனென்றால் சிறு விமானத்தின் மின்சாரக் கோளாறுகளில் மிகப் பலவும் இந்த ஒரே இரகசியத்தில் அடங்கியுள்ளன.

எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அந்த வழியில் எங்கோ ஓர் இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் அவ்விடத்தில் இழக்கப்படும் அழுத்தம் கிடைக்கும் என்பது 1827இல் ஓம் என்னும் விஞ்ஞானி வெளியிட்ட விதி. 200ஐ 0.01ஆல் பெருக்கினால் 2 வோல்ட். பன்னிரண்டில் இரண்டு அந்த ஒரே இணைப்பில் தொலைந்துபோகிறது. அதுமட்டுமன்று, 400 வாட் சக்தி அந்தச் சிறு இடத்தில் வெப்பமாக மாறி, இணைப்பை மேலும் சீர்குலைக்கிறது. இதே இணைப்பை ஓம்மீட்டரால் அளந்தால் என்ன தெரியும்? மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கே நூறில் ஒரு பங்கு ஓமைவிடப் பன்மடங்கு தடை உண்டு. ஆகவே அது எல்லாம் சரியாயிருக்கிறது என்றே சாதிக்கும். நல்ல இணைப்புக்கும் கெட்ட இணைப்புக்கும் உள்ள வித்தியாசம், அவற்றின் வழியாகப் பெரும் மின்னோட்டம் பாயும்போதுதான் வெளிப்படும். ஓய்ந்திருக்கும் மின்சுற்றை அளப்பது வீண். உழைத்துக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

அளக்கும் முறை எளிது. எரிபொருளை நிறுத்தி, மாக்னெட்டோக்களை அணைத்து, ப்ரொப்பெல்லரின் அருகில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவ் முளையிலும் (அதைப் பற்றியிருக்கும் கவ்வியில் அன்று, முளையிலேயே), மறு முனையை ஸ்டார்ட்டரின் முனையத்திலும் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் இயக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே கம்பியின் இரு நுனிகளாகையால் மீட்டர் ஏறக்குறையச் சூனியம் காட்டவேண்டும். அது காட்டும் ஒவ்வொரு வோல்ட்டும் வழியில் கொள்ளைபோன வோல்ட். அமெரிக்க விமானத்துறை நிர்வாகத்தார் பராமரிப்பு முறைகளைப்பற்றி வெளியிட்டுள்ள 43.13 என்னும் எண்ணுள்ள கைந்நூலில், 14 வோல்ட் அமைப்பில் இடைவிடாது வேலை செய்யும் கருவிகளுக்கு அரை வோல்ட்டும், ஸ்டார்ட்டர் போன்று விட்டுவிட்டு இயங்குபவற்றுக்கு 1 வோல்ட்டும் வரை இழப்பை அனுமதிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதற்கு மேற்போனால் முனையை இடம் மாற்றி மாற்றி வைத்து, கான்டாக்டருக்கு முன்பும் பின்பும், ஒவ்வொரு போல்ட்டின் இரு பக்கங்களிலும் அளந்துகொண்டு போனால், திருடன் தானே அகப்படுவான்.

பழைய பைப்பர் செரோக்கீ விமானங்களில் எடையைக் குறைப்பதற்காகப் பாட்டரியின் பெரிய கேபிள்களை அலுமினியத்தால் செய்திருந்தார்கள். அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டவுடனே படியும் ஆக்ஸைடு, மின்சாரத்தைக் கடத்தாது. முனைகளை நெரித்துப் பொருத்திய இடங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தும் போகும். பாட்டரி விமானத்தின் பின்பகுதியிலும் ஸ்டார்ட்டர் மூக்கிலும் இருக்கையில், நடுவிலுள்ள அந்த நீண்ட வழியில் அழுத்தம் தேய்ந்து, எஞ்சின் சோம்பலாகச் சுழலும். புதுப் பாட்டரி வாங்கினால் சில வாரங்களுக்குக் குணம் தெரியும். பிறகு பழைய கதைதான். அந்தக் கேபிள்களை எடுத்துவிட்டுச் செம்புக் கேபிள்களைப் போட்ட உரிமையாளர்கள் பலர்.

திரும்பும் வழியையும் இவ்விதமே அளக்கவேண்டும். அதிர்ச்சியைத் தாங்குவதற்காக எஞ்சினை ரப்பர்த் துண்டுகளின்மேல் பொருத்தியிருக்கிறார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாதாகையால், எஞ்சினுக்கும் விமானத்தின் உடலுக்கும் இடையே தடித்த பின்னல் பட்டை ஒன்று எர்த்தாக அமைந்திருக்கும். அது அறுந்தோ அரித்தோ போனால், 200 ஆம்பியரும் வேறு வழி தேடும். எரிபொருளைக் கட்டுப்படுத்த விமானியின் கையிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இரும்புக் கம்பிகள்தாம் அதற்கு அகப்படும் மறு வழி. எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் அக்கம்பிகள் சூடேறி, உறைக்குள் ஒட்டிக்கொண்டு, இழுப்பதற்குக் கடினமாகும். அந்த விமானி தம் குறிப்பில் என்ன எழுதுவார்? மின்சாரத்தைப்பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டார். கட்டுப்பாட்டுக் கம்பி இறுகுகிறது, எண்ணெய் இடவேண்டும் என்று எழுதுவார்.

இனி, விமானம் வைத்திருப்பவர்களைப் பல காலமாக வாட்டிவரும் இன்னொரு கோளாறுக்கு வருவோம். ஆம்மீட்டரின் முள் ஓரிடத்தில் நில்லாமல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டேயிருக்கும். விளக்குகளும் அதற்கேற்பச் சற்றே மங்கியும் பிரகாசித்தும் துடிக்கும். ஆல்டர்னேட்டரின் காந்தப் புலத்துக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், பஸ் பாரின் அழுத்தத்தை 14 வோல்ட்டில் நிறுத்திவைப்பது ரெகுலேட்டரின் கடமை. ஆடுவது அழுத்தம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர், ஆகவே ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதியதை வாங்கி மாட்டுகிறார்கள். அனுமானம் நேரானதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பழைய செஸ்னாக்களில், ரெகுலேட்டர் எந்தக் கம்பியின் மூலம் பஸ் பாரின் அழுத்தத்தை உணர்கிறதோ, அதே கம்பியின் மூலந்தான் காந்தப் புலத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று ஆம்பியரையும் எடுத்துக்கொள்கிறது. அந்த வழியில் ஒரு சர்க்யூட் பிரேக்கர், மாஸ்டர் ஸ்விட்சின் ஆல்டர்னேட்டர்ப் பாதி, அதிக அழுத்தத்தைத் தடுக்கும் ரிலே, இரண்டு மூன்று செருகிகள் எல்லாம் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் போட்டும் அணைத்தும் தேய்ந்த ஸ்விட்சிலும் மற்ற இணைப்புகளிலும் மொத்தமாகக் கால் ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். 2 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் அங்கே மறைந்துபோகிறது. பஸ் பாரில் 14 வோல்ட் இருக்க, ரெகுலேட்டர் 13.5 இருப்பதாகக் கண்டு, போதவில்லையே என்று காந்தப் புலத்தின் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. கூட்டியதால் வழியிலுள்ள இழப்பும் கூடுகிறது. இழப்புக் கூடியதால் அழுத்தம் இன்னும் குறைந்துவிட்டதாகவே ரெகுலேட்டருக்குத் தோன்றுகிறது. இறுதியில் பஸ் பாரின் அழுத்தம் மிகவும் ஏறிய பின்னரே அது விழித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைக்கிறது; குறைத்த மாத்திரத்தில் வழியிலுள்ள இழப்பும் மறைந்து, அழுத்தம் திடீரென்று எழும்பிவிட்டதாகக் காண்பதால், தேவைக்கு மேலேயே குறைத்துவிடுகிறது. இவ்வாறு ஒவ்வொரு திருத்தமும் வரம்பு கடந்து போவதால் முள் ஆடுகிறது. ரெகுலேட்டர் தன் தர்மத்தைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறது. அதற்குக் கிடைக்கும் செய்திதான் பொய்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதிய ரெகுலேட்டரைப் போட்டதும் பல சமயங்களில் ஆட்டம் நின்றுவிடும். கழற்றி மாட்டும்போது செருகியின் உலோக முனைகள் ஒன்றோடொன்று உராய்ந்து சுத்தமாகிவிடுகின்றன. தடை தற்காலிகமாகக் குறைகிறது. கீர்த்தி புதிய ரெகுலேட்டருக்குப் போகிறது. சில மாதங்களுக்குப் பின் ஆட்டம் மறுபடியும் தொடங்கும்போது, புதியதும் கெட்டுவிட்டது, இப்போதெல்லாம் சாமான் சரியில்லை என்று தயாரிப்பாளரைத் தூற்றுவார்கள். எஞ்சின் ஓடும்போது பஸ் பாருக்கும் ரெகுலேட்டரின் முனையத்துக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால், விஷயம் ஐந்து நிமிஷத்தில் விளங்கியிருக்கும்.

இவ்வளவு இணைப்புகளில் எதில் தடை இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேட வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், அனுபவமுள்ள விவசாயி வாய்க்காலின் தலைப்பிலிருந்து அடியடியாகப் பார்த்துக்கொண்டு வரமாட்டான்; நேரே நடுவிடத்துக்குப் போவான். அங்கே தண்ணீர் ஓடினால் உடைப்புக் கீழ்ப்பாதியில், ஓடாவிட்டால் மேற்பாதியில். மீந்த பாதியின் நடுவுக்கு அடுத்தபடியாகப் போவான். பதினாறு இணைப்புகள் இருந்தாலும் நான்கே அளவைகளில் குற்றமுள்ளதை இவ்விதம் பிரித்துவிடலாம். ஆனால் நடு என்பதைக் கணக்கர்போல் சரியாக எண்ணிப் பார்க்கவேண்டுமென்பதில்லை. எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் இருக்கும் செருகி கைக்கு எளிதாக எட்டுமானால், அதையே நடுவாகக் கொள்வதுதான் விவேகம்.

மாக்னெட்டோவின் விஷயத்தில் இந்தத் தர்க்கம் தலைகீழாகிறது. அதனாலேயே அது ஆபத்தானது. வீட்டு விளக்கின் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்துபோகும். மாக்னெட்டோவை நிறுத்தும் கம்பி அறுந்தால் மாக்னெட்டோ நிற்காது. ஏனென்றால் அதன் முதற்சுருளை எர்த்தோடு இணைத்து அதன் வீரியத்தை அடக்குவதே ஸ்விட்சின் வேலை. இணைக்கும் கம்பி இல்லையென்றால் அடக்குவார் யாருமில்லை. சாவி அணைந்த நிலையில் இருக்கும். விமானம் நிழலில் சாதுவாக நிற்கும். ஆனால் யாரேனும் ப்ரொப்பெல்லரைக் கையால் சற்றே திருப்பினால், சிலிண்டரில் எஞ்சியிருந்த எரிபொருள் பற்றிக்கொண்டு, எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். அந்த ஒரு சுற்றே கையை வெட்டுவதற்குப் போதும். புறப்படுமுன் எஞ்சினை நிமிஷத்துக்கு 1,700 சுற்று வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு மாக்னெட்டோவாக நிறுத்திப் பார்க்கும் சோதனையில், வேகம் 125 சுற்றுக்கு மேல் குறையக்கூடாது என்றும், இரண்டுக்குமுள்ள வித்தியாசம் 50க்கு மேற்படக்கூடாது என்றும் செஸ்னா 172இன் பழைய மாதிரிக் கையேடு கூறுகிறது. வேகம் கொஞ்சமும் குறையாததைக் கண்டு எஞ்சின் பிரமாதமாயிருக்கிறது என்று மகிழ்கிற புதிய மாணவர்கள் உண்டு. கொஞ்சமும் குறையாததுதான் பெருஞ் சந்தேகத்துக்கு உரியது. நிறுத்தியதாக நினைத்த மாக்னெட்டோ நிற்கவேயில்லை என்பதே அதற்குப் பொருளாயிருக்கலாம்.

இருந்து இருந்து தோன்றி மறையும் கோளாறுகளைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வானத்தில் தோன்றி, தரையிறங்கியதும் மறைந்துவிடும் அவை, அதிர்விலும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிறப்பவை. கவ்விகளில் உராய்ந்து தோல் உரிந்த கம்பிகளும், கையால் அசைத்தால் மட்டும் தொடர்பு விடும் செருகிகளும் பெரும்பாலும் காரணமாயிருக்கும். இவற்றைப் பிடிப்பதற்கு விமானியின் குறிப்பே உதவவேண்டும். ‘ரேடியோ வேலை செய்யவில்லை’ என்று எழுதுவது குறிப்பாகாது. பிறர் பேசுவது கேட்கிறது, நாம் பேச முயலும்போது மட்டும் ரேடியோ அணைந்துவிடுகிறது, அதுவும் இறங்கு விளக்கு எரியும்போதுதான் என்று எழுதினால், படிப்பவர் ரேடியோவைத் தொடவே மாட்டார்; பேசும்போது ரேடியோ இழுக்கும் மின்னோட்டம் கேட்கும்போது இழுப்பதைவிடப் பன்மடங்கு அதிகமாகையால், அழுத்தம் தாழ்ந்திருக்கிறது என்று ஊகித்து ஆல்டர்னேட்டரை நோக்கிப் போவார்.

சர்க்யூட் பிரேக்கரைப்பற்றி ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. கருவியைக் காப்பாற்றுவதற்கு அது இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பாற்றுவது கம்பியை. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் கம்பி சூடாகி, அதன் மேலுறை எரிந்து, விமானி அறையில் நச்சுப் புகை சூழாமலிருப்பதற்காக அது துள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறது. அதை விரலால் உள்ளே அமுக்கிவிட்டால் மின்சாரம் மீண்டும் பாயும். எந்த இடத்தில் உறை உரிந்து கம்பி உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அந்த இடத்திலேயே பாயும்.

இத்தகைய பழுதை ஆராயாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2007ஆம் வருஷம் ஜூலை மாதம் 9ஆம் தேதி, அமெரிக்காவில் மோட்டார்ப் பந்தய நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான செஸ்னா 310 என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தை ஓட்டிய விமானி, வானிலை ராடார் வேலை செய்யாமல் நின்றதையும் மின்சாதனம் எரியும் நாற்றம் எழுந்ததையும் கண்டு, ராடாரை அணைத்து அதன் சர்க்யூட் பிரேக்கரையும் வெளியே இழுத்துவிட்டார், நாற்றம் அடங்கியது. தரையிறங்கியதும் இதைப் பழுதுக் குறிப்பாக எழுதியும் வைத்தார். இதைவிடத் தெளிவான அன்வய வியதிரேகத்தை எந்தத் தர்க்க நூலிலும் காண்பது அரிது. குறிப்பு உரியவர்களிடம் சென்றது. ஆனால் பழுதை யாரும் ஆராயவில்லை. விமானத்தை நிறுத்தி வைக்கவுமில்லை. மறுநாள் காலையில் வேறு இருவர் அதே விமானத்தை ஃபுளோரிடாவிலுள்ள டேட்டோனா பீச்சிலிருந்து கிளப்பினார்கள். சில நிமிஷங்களில் அறையில் புகை சூழ்ந்துவிட்டதாக ரேடியோவில் தெரிவித்து, அருகிலிருந்த சான்ஃபோர்டு விமான நிலையத்தை நோக்கித் திரும்பினார்கள். அங்கே போய்ச் சேருமுன்பே விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. அவர்கள் இருவரும், வீடுகளிலிருந்த மூவரும் மாண்டார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, தெரிந்த பழுதைத் தீர்க்காமலே விமானத்தைப் பறக்க அனுமதித்த நிர்வாகத்தாரும் பராமரிப்பாளரும், அது தெரிந்தும் பறக்கத் துணிந்த விமானிகளும் எடுத்த முடிவுகளே விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தது. இதன் பின்னர் விமானத்துறை நிர்வாகத்தார் விடுத்த அறிவுரைப்படி, பறக்கும்போது துள்ளிய பிரேக்கர், விமானத்தைப் பத்திரமாக இறக்குவதற்கு இன்றியமையாத கருவிக்கு உரியதல்லவென்றால், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இன்றியமையாததென்றாலும், புகையோ நாற்றமோ இல்லாதிருந்தால் மட்டும், சற்றுப் பொறுத்து ஒரே ஒரு முறை அமுக்கிப் பார்க்கலாம். இரண்டாவது முறை அதைத் தொடக்கூடாது.